ஆறாவது பனிப்பலகை

கை கழுவி முடிக்கவே கண்ணாடியம்மாவுக்குப் பத்து நிமிடம் ஆகும். லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள் நகக்கண்ணில் ஒட்டியிருக்கக் கூடாது. முதலில் சோப்பு, பிறகு பழைய பல்துலக்கி, மறுபடி சோப்பு. ஈரம் துடைத்து, விரல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் பக்கம் போவார். சனிக்கிழமை கடை அரை நாள். மூன்று மணிக்குக் கூடத்தில் டப்பாத் தொலைக்காட்சியின் முன்னால் விரிப்பு போடப்பட்டிருக்கும். அதன் வலது பாதியில் உட்காருவார். இடது பாதியில் யாரும் உட்காருவதில்லை. தெரியாமல் யாராவது அங்கே காலை நீட்டினால், "இந்தப் பக்கம் வா" என்பார். காரணம் சொல்ல மாட்டார்.

கேசட்டைச் சொருகுவதற்கு முன் அதன் வாயில் ஊதுவது உலக வழக்கம். இந்த வீட்டில் அது குற்றம். "ஊதாதே! எச்சில் பட்டா துரு பிடிக்கும்." காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு, செப்புப் பற்களை ஒரே திசையில் துடைத்து, அரை நிமிடம் காயவிட வேண்டும். இது அவருடைய கணவர் போட்ட சட்டம். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரமும் முதலில் சாவது மின்தொடர்பு முனையில்தான் என்பது அவருடைய கட்சி.

கடைக்கு வருகிறவர்கள் இவரைக் கண்ணாடியம்மா என்பார்கள். வயது அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடமாக ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரே மேசையில், லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறார். மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது, பவர் நிற்கும். "மைனஸ் நாலு வந்தாச்சு, டீ சொல்லு" என்றால் கடை முதலாளி உள்ளே வருகிறார் என்று பொருள். சொந்த மகளையே கோபத்தில் "மைனஸ் ஆறு" என்றுதான் கூப்பிடுவார். மருந்துச் சீட்டின் எழுத்து புரியாவிட்டால் மருத்துவருக்கே தொலைபேசியில் பேசுவார்: "டாக்டர், நீங்க எழுதினது நம்பரா, கையெழுத்தா?" இளமையாகக் காட்டும் சட்டம் வேண்டும் என்று கேட்ட ஒருவரிடம், "சட்டத்துக்கு வயசு குறையும் சார், மூஞ்சிக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லி, அவரிடமே இரண்டு சட்டம் விற்றார்.

அந்த விளையாட்டுப் பெட்டி மகளுக்காக வாங்கியது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வாங்கிய மாதமே லிஃப்ட்காரருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஏழாவது மாடியில் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் உட்காரத் தெரியாத மனிதர். மூன்றாம் நாளே இடது கையால் ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். பெயர்தான் ஜாய்ஸ்டிக், குச்சி எதுவும் கிடையாது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பட்டை; இடது முனையில் நடப்பதற்கான திசைக்குறி, வலது முனையில் குதிக்க ஒன்று, அடிக்க ஒன்று என இரண்டு பொத்தான்கள். லிஃப்ட்காரரால் நடக்க முடிந்தது; குதிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த கண்ணாடியம்மா, ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு வலது முனையைப் பிடித்தார்.

"எப்பக் குதிக்கணும்னு சொல்லுங்க."

"சொல்லிட்டிருந்தா விழுந்துடுவான். நான் பின்னாடி ஒரு அடி வைப்பேன். உடனே முன்னாடி ஓடுவேன். அப்பக் குதி."

ஒரு பட்டை, இரண்டு ஆள், ஆளுக்கு ஒரு கை. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அது மாறவில்லை. மகள் அழுது பார்த்தாள். "எனக்கு வாங்கினதை நீங்க ரெண்டு பேரும் பிடுங்கிக்கிட்டீங்க." லிஃப்ட்காரர் அவளுக்கு ஒரு மின்சுற்றுப் பெட்டி வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார். அவள் பொறியாளரானது அப்படித்தான்.

விளையாட்டின் நாயகன் ஒரு குகைமனிதன். உடம்பில் பாதி தலை. இடுப்பில் ஒரு தோல் துண்டு, தோளில் ஒரு கதாயுதம். வீட்டில் அவன் பெயர் மண்டையன். மூன்று கேசட்டுகள். அட்டையில் இருந்த எழுத்து கைபட்டுத் தேய்ந்துபோனதால் அவை ஒண்ணு, ரெண்டு, மூணு என்றே அழைக்கப்பட்டன. ஒண்ணில் காடும் ஆறும். மண்டையன் தொலைந்துபோன நெருப்பைத் தேடிப் போவான். ரெண்டில் பாலைவனம், நீளக் கழுத்து டைனோசர் ஒன்றின் முதுகில் ஏறிச் சவாரி செய்யலாம், அது நடுவில் முரண்டு பிடித்து உட்கார்ந்துகொள்ளும். மூணு முழுக்கப் பனி. எங்கேயும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இல்லை. மூன்று உயிர்; போனால் முதலிலிருந்து. ஒரு சனிக்கிழமை ஒண்ணு, அடுத்தது ரெண்டு, அதற்கடுத்தது மூணு. இருபத்தைந்து வருடம் முறை தப்பவில்லை.

நான்காவது ஒன்றும் வந்தது. அதில் மண்டையன் வழவழவென்று முப்பரிமாணத்தில் இருந்தான், பேசினான், நகைச்சுவை சொன்னான். கண்ணாடியம்மா இரண்டு நிமிடம் பார்த்தார். "வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசுறவன் எதுக்குக் குகையில இருக்கான்? வேலைக்குப் போகச் சொல்லு." அது அன்றே திரும்பப் போனது.

பழைய விளையாட்டுகளை அலசுகிறவர்கள் இணையத்தில் எழுதுவதை மகள் அவ்வப்போது வாசித்துக் காட்டுவாள். எல்லோரும் ஒரே முடிவுதான்: ஒண்ணு அருமை, ரெண்டு அதைவிட அருமை, மூணு சொதப்பல், கால் வழுக்குகிறது, நியாயமே இல்லை. கண்ணாடியம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "வழுக்காத பனி எந்த ஊர்ல இருக்கு? விழுந்தவன் எல்லாம் தரையைத் திட்டுவான். எழுந்து மறுபடி நடக்கச் சொல்லு." ஒண்ணையும் ரெண்டையும் அவர்கள் பலமுறை முடித்திருந்தார்கள். மூணை முடித்ததே இல்லை. அதன் கடைசிக் கட்டம் ஒரு பள்ளத்தாக்கின் மேல் பனிப்பாலம். ஒன்பது பலகைகள். மண்டையன் கால் வைத்ததும் பலகை ஆடத் தொடங்கும். சற்று நேரத்தில் விழும். பின்னால் உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த ஒரு கம்பளி யானை துரத்திக்கொண்டு வரும். ஒன்பதைத் தாண்டினால் குகை வாசல். அதற்குப் பின்னால் என்ன காட்சி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆறாவது பலகையில் ஒவ்வொரு முறையும் விழுந்தார்கள். "முடிவு நெட்ல இருக்குப்பா, அஞ்சு நிமிஷ வீடியோ" என்று மகள் ஒருமுறை கைபேசியை எடுத்தாள். லிஃப்ட்காரர் அதை வாங்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "உங்கம்மாவும் நானும் நடந்தே போய்க்கிறோம்."

ஜனவரியில் லிஃப்ட்காரர் இறந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வியாழன் வேலைக்குப் போனார், சனிக்கிழமை இல்லை.

அந்தச் சனிக்கிழமை ரெண்டின் முறை. ஐந்து வாரம் கழித்துக் கண்ணாடியம்மா விரிப்பைப் போட்டபோது ரெண்டை எடுக்கவில்லை. மூணைத் துடைத்துச் சொருகினார். பட்டையை முதன்முறையாக இரண்டு கையாலும் பிடித்தார்.

மண்டையன் முதல் பள்ளத்திலேயே நேராக நடந்துபோய் விழுந்தான். குழந்தைகள்கூட விழாத பள்ளம். இருபத்தைந்து வருடம் குதித்தவருக்கு நடக்கத் தெரியவில்லை. அன்று மட்டும் முப்பத்தொரு முறை அங்கே விழுந்தார். எண்ணியவள் மகள், அவளுக்கு எண்ணுவதுதான் தொழில். கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதித்து, எத்தனை முறைக்கு ஒருமுறை தவறுகிறது என்று அறிக்கை எழுதுகிறவள்.

"நான் இடது பக்கம் பிடிக்கிறேம்மா."

"வேண்டாம்."

அடுத்த வாரம் அவள் ஒரு மடிக்கணினியோடு வந்தாள். அதே விளையாட்டை அதில் ஏற்றியிருந்தாள். ஒரு விசையை அழுத்தினால் ஆட்டம் பத்து நொடி பின்னோக்கி ஓடும். எந்த இடத்தையும் சேமித்துவைக்கலாம். ஆர்வத்தில் விளக்கிக்கொண்டே போனாள். "பயமே இல்லம்மா. செத்தா திரும்ப வந்துடலாம்."

கண்ணாடியம்மா அவளைப் பார்த்தார். "அப்படியா?"

அவ்வளவுதான் கேட்டார். மகள் மடிக்கணினியை மூடினாள். அதை அந்த வீட்டில் அவள் மறுபடி திறக்கவில்லை.

அதன்பிறகு இடது கைக்குப் பாடம் தொடங்கியது. பல் துலக்குவது, பூட்டைத் திறப்பது, சாப்பாட்டுக் கரண்டி, எல்லாம் இடது கை. கடையிலும் இடது கையால் திருகாணி முடுக்கி ஒரு விலை உயர்ந்த லென்ஸின் ஓரத்தைச் சிதைத்தார். மைனஸ் நாலு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இத்தனை வருஷம் கழிச்சுக் கையை மாத்திட்டீங்க?"

"ஒண்ணு சும்மா இருந்து பழகிடுச்சு சார். வேலை சொல்லித் தர்றேன்."

ஏப்ரலில் முதல் பள்ளம் தாண்டினார். ஜூனில் உறைந்த ஏரி. அப்போதுதான் அவருடைய தம்பி உள்ளே நுழைந்தார். திரைச்சீலைக் கடைக்காரர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலை அளப்பார், பிறகுதான் நலம் விசாரிப்பார்.

"அக்கா, உனக்கு என்ன வயசு?"

"உன்னைவிட நாலு. நீ பொறந்தன்னிக்கே கணக்கு போட்டாச்சு."

"விளையாட்டில்ல, நெசமா கேக்குறேன். வீட்ல இப்படி ஒண்ணு நடந்து ஆறு மாசம் ஆகல. நீ பொம்மையை வெச்சுக் குதிச்சுக்கிட்டிருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேரையும் கூட்டிட்டு வாடா. முதல் பள்ளத்தைத் தாண்டிட்டுப் பேசட்டும்."

தம்பி தோற்றுப் போகிற ரகம் இல்லை. மனசை வேறு பக்கம் திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். மறு வாரம் ஆளை வைத்துச் சுவர் அகலத்துக்கு ஒரு தட்டைத் தொலைக்காட்சியை மாட்டினார். டப்பாவை எடுத்துப்போக இரண்டு பேர் கயிற்றோடு நின்றார்கள். கண்ணாடியம்மா டப்பாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, முதலில் புதியதில் விளையாட்டுப் பெட்டியை இணைக்கச் சொன்னார். இணைத்ததும் அவரே மண்டையனை ஓட்டினார். நான்கே பள்ளம், மூன்று உயிரும் போயிற்று.

"இவன் சொன்ன பேச்சைக் கேக்கல. நான் அமுக்கினப்புறம் யோசிச்சு யோசிச்சுக் குதிக்கிறான்."

"புது டிவியில என்னக்கா குறை? உனக்குத்தான் கை தாமதம். வயசாச்சு, ஒத்துக்க."

கயிற்றுக்காரர்கள் கயிற்றைப் பார்த்தார்கள். மகளுக்கும் மனதுக்குள் மாமா சொல்வதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் பழக்க தோஷம், அளந்துவிடலாம் என்று கைபேசியை எடுத்தாள். பொத்தானும் திரையும் ஒருசேரத் தெரியும்படி வைத்து, மெதுவாக ஓடும் காட்சியாகப் பிடித்தாள். இரண்டு தொலைக்காட்சியிலும் இருபது இருபது முறை. டப்பாவில் அழுத்தியதும் குதித்தான். தட்டையில் பத்தில் ஒரு நொடி தாமதம். இருபது முறையும் அதே தாமதம்.

பத்தில் ஒரு நொடி. அறுபத்தொரு வயதுக் கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்திருந்தது.

"மாமா, கை சரியாத்தான் இருக்கு. டிவிதான் லேட்டு."

தம்பி அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தார். கயிற்றுக்காரர்களிடம் "நீங்க கிளம்புங்கப்பா" என்றார். கண்ணாடியம்மா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். தட்டைத் தொலைக்காட்சி இன்னும் சுவரில் இருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது அதன் கருப்புத் திரையில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார். அதற்கு அது நல்ல உபயோகம் என்று தம்பியிடமே சொல்லியிருக்கிறார்.

செப்டம்பரில் பனிப்பாலம் வரை வந்தார். ஆறாவது பலகையில் விழுந்தார். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். மகள் அதையும் பிடித்து அளந்தாள். விடை எளிது. முதல் ஐந்து பலகைகள் நின்று நிதானமாக விழும். ஆறாவதிலிருந்து முக்கால் நொடிதான் தாங்கும். ஆனால் அம்மா ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் மண்டையனைப் பின்னால் ஓர் அடி நகர்த்துகிறார். போய்வர அரை நொடி. மீதிக் கால் நொடியில் ஓடித் தாவ முடியாது. எந்தக் கையாலும் முடியாது. இது அம்மாவின் பழக்கம் இல்லை. பார்த்துப் பார்த்து இடது கைக்கு ஒட்டிக்கொண்ட அப்பாவின் பழக்கம்.

சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அடுப்படியில், அம்மா பாத்திரம் துலக்கும்போது, முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, அப்பா பின்னாடி ஒரு அடி வைப்பாரே, அதனாலதான் ஆறாவதுல விழறோம். இத்தனை வருஷமும் அதனாலதான்."

"தெரியும்."

"இப்பத் தெரியுமா?"

"மூணு வாங்கின ரெண்டாம் வருஷமே தெரியும்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா அன்னிக்கே முடிச்சிருப்பாரு. எதையும் பாக்கி வைக்கிற மனுஷனா அவரு? முடிச்சுட்டு, 'சரி, அடுத்தது என்ன'ன்னு எழுந்து வெளியே போயிருப்பாரு. எனக்கு சனிக்கிழமை வேணும்டி." ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "அவரு ஆறாவதுல விழுந்துட்டு, 'ச்சே, கொஞ்சத்துல போச்சு'ம்பாரு. நானும் 'ஆமாங்க'ம்பேன்."

"அப்படின்னா இப்ப மட்டும் ஏம்மா முடிக்கணும்? அப்படியே விட்டுடலாமே."

கண்ணாடியம்மா குழாயை மூடினார். திரும்பினார்.

"அப்ப முடிக்காம இருந்தது என் இஷ்டம். இப்ப விட்டா, என்னால ஆகலன்னு அர்த்தம். அவரு போனதுக்கு மேல இதையும் நான் ஒத்துக்கணுமா? மாட்டேன். போய் விளக்கைப் போடு."

தெரிந்திருந்தும் அடுத்த சனிக்கிழமை விழுந்தார். அதற்கடுத்ததிலும். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. தாவும் நேரத்தில் இடது கட்டைவிரல் தானாகப் பின்னால் போனது. "பாரு, போகுது பாரு" என்று விரலை மகளிடம் நீட்டிக் காட்டினார், சொல் கேளாத பிள்ளையைக் காட்டுவது போல.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை தம்பி வந்தார், தோளில் கனமான கருநீலத் துணியோடு. "இவ்வளவு வெளிச்சத்துல என்னத்தக்கா தெரியும்?" என்று திட்டிக்கொண்டே ஏணி போட்டு ஜன்னலுக்குத் திரை மாட்டினார். மாட்டி முடித்தும் போகவில்லை. விரிப்புக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் தரையில்.

ஒன்றே முக்கால் மணி நேரம். ஏரி, குகை, பனிச்சரிவு. பாலத்துக்கு வந்தபோது ஓர் உயிர் மீதி. கம்பளி யானை பிளிறியது. ஒன்று, இரண்டு, மூன்று; ஒவ்வொன்றிலும் பின்னால் ஓர் அடி, பிறகு தாவல். தம்பி நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தார். நான்கு. ஐந்து. ஆறாவது பலகையில் கால் பட்டதும் அது ஆடியது.

"போகாதீங்க" என்றார் கண்ணாடியம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் அளவுக்குத்தான். தம்பி மகளைப் பார்த்தார். மகள் திரையைப் பார்த்தாள். மண்டையன் பின்னால் போகவில்லை. ஓடினான், தாவினான், ஏழில் கால் பதித்தான், நிற்காமல் எட்டு, ஒன்பது. பின்னால் பாலம் மொத்தமாகச் சரிந்தது, யானையோடு. குகை வாசலுக்குள் அவன் நுழைந்தான். திரை ஒரு கணம் வெள்ளையாகி, இதுவரை அந்த வீட்டில் கேட்காத ஓர் இசை தொடங்கியது.

"அக்கா! முடிச்சுட்டக்கா!" தம்பி எழுந்து நின்றுவிட்டார்.

கண்ணாடியம்மாவும் எழுந்தார். முழங்கால் சடசடத்தது. முடிவுக் காட்சி வருவதற்குள் தொலைக்காட்சிக்கு முன்னால் போய், அதற்கு முதுகைக் காட்டி, திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். தம்பி இடப்பக்கம் எட்டிப் பார்க்க முயன்றார். அவரும் அந்தப் பக்கமே நகர்ந்தார். "அவரு பாக்கலைல்ல, நீயும் பாக்க வேண்டாம்." இசை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது. வெளிச்சம் நிறம் மாறி மாறி அவர் தோளின் இரண்டு பக்கமும் கசிந்தது. அவர் அசையவில்லை, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். இசை நின்றதும், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, தடவிப் பார்த்து, சுவிட்சை அணைத்தார்.